நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா? நனைந்த ஆர்சி காரைக் காப்பாற்றும் அறிவியல்

கொங்குப் பக்கத்தில் பல வீடுகளில் இரண்டு குழாய் இருக்கும். குடிக்கவும் சமைக்கவும் ஒன்றில் நல்ல தண்ணி வரும். துணி துவைக்கவும் வாசல் தெளிக்கவும் இன்னொன்றில் போர்வெல் உப்புத் தண்ணி வரும். ஆர்சி எனப்படும் ரிமோட் கார் ஓட்டுகிறவர்களுக்கும் இந்த வித்தியாசம் முக்கியம். குட்டையில் கவிழ்ந்த காரைத் தூக்கிக்கொண்டு வந்தால் இரண்டு கேள்விகளை உடனே கேட்க வேண்டும். எந்தத் தண்ணியில் விழுந்தது? விழுந்தபோது பேட்டரி மாட்டியிருந்ததா? எவ்வளவு நேரம் நனைந்தது என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அநேகமாகக் கடத்தாது. 25 டிகிரி வெப்பத்தில் அதன் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 0.055 மைக்ரோசீமென்ஸ்தான். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புகள் கரைந்த போர் தண்ணீரில் அது ஏறத்தாழ 30,000 மடங்கு ஆகிவிடும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் விரும்பும் அளவு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. சிறுவாணித் தண்ணீர் முதல் எல்லைக்கு வெகு கீழே நிற்கும். திருப்பூர்ப் பக்கம் நொய்யல் கரைக் கிணறுகள் பல இரண்டாவது எல்லையையே தாண்டியவை. துணியில் சாயம் ஏறுவதற்காகச் சாயத்தொட்டியில் கொட்டப்படும் உப்பு, கழிவாக ஆற்றில் இறங்கி, கரையோர நிலத்தடியிலும் தங்கிவிட்டது. அதிலுள்ள குளோரைடு செம்புக்குப் பெரிய எதிரி.

மோட்டாருக்குத் தண்ணீரே ஆகாது என்று நினைப்பவர்கள் நம் தோட்டங்களை நினைத்துப் பார்க்கலாம். ஆயிரம் அடி ஆழத்தில் ஓடும் சப்மெர்சிபிள் மோட்டார்களில் பெரும்பாலானவற்றின் செப்புச் சுற்று தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது. இறக்குவதற்கு முன் நல்ல தண்ணீரை உள்ளே நிரப்பித்தான் இறக்குவார்கள். கம்பி மேல் பிளாஸ்டிக் உறை இருப்பதால் அது வருடக்கணக்கில் ஓடுகிறது. ஆனால் ஸ்டார்ட்டர் பெட்டி மேலே மோட்டார் ரூமில், நனையாத இடத்தில் இருக்கும். ஆர்சி காரிலும் இதே கதைதான். மோட்டார் நனைந்தால் பதற வேண்டியதில்லை. ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரும், இஎஸ்சி எனப்படும் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியும், முன்சக்கரங்களைத் திருப்பும் சர்வோவுக்குள் இருக்கும் சின்ன போர்டும்தான் கவலைக்குரியவை, ஏனென்றால் அவற்றில் உலோகம் உறையில்லாமல் வெளியே தெரிகிறது.

அந்த போர்டில் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரு சிப்பின் இரண்டு கால்களுக்கு இடையே கால் மில்லிமீட்டர் இடைவெளி இருக்கலாம். ஒரு காலில் 5 வோல்ட், பக்கத்துக் காலில் பூஜ்யம். நடுவில் உப்புத் தண்ணி ஒரு துளி. பிளஸ் பக்கக் காலில் இருந்து செம்பும் ஈயப்பற்றில் உள்ள வெள்ளீயமும் அயனிகளாகக் கரைந்து தண்ணீருக்குள் இறங்கும். அவை மைனஸ் பக்கம் நகர்ந்து போய் அங்கே திரும்ப உலோகமாகப் படியும். படிவது ஒரே சீராகப் படியாது. எங்கே சின்னதாக ஒரு முனை நீட்டியிருக்கிறதோ அங்கே மின்புலம் அதிகம். அடுத்து வரும் அயனியும் அங்கேயே ஒட்டும். முனை கிளை விட்டு, கிளை இன்னொரு கிளை விட்டு, எதிர்ப்பக்கத்தைத் தொடும்வரை வளரும். தொட்ட நொடியில் ஷார்ட். உருப்பெருக்கியில் இந்த உலோகச் செடி வளர்வதைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. இதற்குச் சில நிமிடங்களே போதும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டால் இந்த வளர்ச்சி உடனே நின்றுவிடும். அரிப்பு முழுவதும் நின்றுவிடாது. தங்கப் பூச்சும் செம்பும் ஒரே ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அதுவே ஒரு குட்டி மின்கலம் ஆகி, செம்பைத் தின்னும். ஆனால் நிமிடங்களில் நடந்தது நாட்களுக்குத் தள்ளிப் போகிறது. அதனால் காரைத் தூக்கிய கையோடு பேட்டரி இணைப்பைப் பிடுங்குங்கள். ‘ஓடுதா பார்ப்போம்’ என்று ஆக்சிலரேட்டரை ஒரு தடவை அழுத்திப் பார்ப்பதுதான் பெரும்பாலான போர்டுகளைக் கொல்கிறது. பேட்டரியைக் கழற்றிய பிறகு காரின் சுவிட்சை மட்டும் ஆன் நிலையில் வைத்தால், இஎஸ்சியின் கெபாசிட்டரில் மிச்சமிருக்கும் மின்சாரமும் வடிந்துவிடும்.

அடுத்த படிதான் பலருக்கு மனசு ஒப்பாதது. நனைந்த போர்டைக் காய வைப்பதற்கு முன் மறுபடியும் நனைக்க வேண்டும். அப்படியே வெயிலில் வைத்தால் தண்ணீர் மட்டும்தான் போகும். உப்பு முழுவதும் கால்களுக்கு நடுவே வெள்ளையாக உட்கார்ந்துகொள்ளும். கார் அன்றைக்கு ஓடும், நாமும் தப்பித்துவிட்டோம் என்று நினைப்போம். ஐப்பசி மழையில் காற்றில் ஈரம் ஏறும்போது அந்த உப்பு ஈரத்தை இழுத்து மீண்டும் கரைசலாகும். சில வாரங்கள் கழித்து காரணமே தெரியாமல் ரிசீவர் செத்துப்போவதும், கம்பி நுனிகளில் பச்சைக் களிம்பு பூப்பதும் இப்படித்தான்.

போர்டுகளைப் பெட்டியிலிருந்து கழற்றி, சேறு இருந்தால் ஆர்ஓ தண்ணீரில் அலசுங்கள். அப்புறம் டிஸ்டில்டு வாட்டர். வீட்டு இன்வெர்ட்டருக்கு ஊற்ற பேட்டரி கடையில் விற்கும் அதே கேன் தண்ணீர் போதும். பக்கத்தில் இருக்கும் ஆசிட் கேனை மாற்றி எடுத்துவிடக் கூடாது. மெல்லிய பல் தேய்க்கும் பிரஷால் சிப்புகளின் கால்களைத் தேய்த்து, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றுங்கள்.

கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். மொபைல் ரிப்பேர் கடைக்காரர்கள் ஐபிஏ என்பார்கள். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு சுமார் 72 மில்லிநியூட்டன், ஐபிஏவுக்கு சுமார் 22. அதனால் தண்ணீர் பிடிவாதமாக ஒளிந்திருக்கும் சிப்பின் அடிப்பகுதிக்குள் அது சுலபமாக நுழைந்து, தண்ணீரோடு கலந்து, இரண்டும் சேர்ந்து ஆவியாகும். 99 சதவீதம் உள்ளதை வாங்குங்கள். கை கழுவும் சானிட்டைசர் உதவாது. பலவற்றில் கிளிசரின் இருக்கிறது, அது போர்டில் பிசுபிசுவென்று தங்கிவிடும். தின்னர் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். ஐபிஏ அறை வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும் திரவம். அடுப்பு இருக்கும் சமையலறையில் இந்த வேலை வேண்டாம். திண்ணையிலோ மொட்டை மாடியிலோ செய்யலாம்.

காய வைக்க அரிசி டப்பாவில் புதைப்பது நம் ஊரிலும் பரவிவிட்டது. சேமித்து வைத்த அரிசியிலேயே 12 முதல் 14 சதவீதம் ஈரம் இருக்கிறது. அது இன்னும் எவ்வளவு குடித்துவிடும்? போதாக்குறைக்கு மாவுத் தூசி உள்ளே போகும். 2024இல் ஆப்பிள் நிறுவனமே நனைந்த ஐபோனை அரிசியில் போடாதீர்கள் என்று தன் உதவிக் குறிப்பில் எழுதியது. உண்மையில் உலர்த்துவது காற்றோட்டம். வைகாசி முதல் ஆடி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று இருக்கும்போது, நிழலில் ஒரு வலைத்தட்டில் வைத்து இரண்டு நாள் விட்டாலே நன்றாகக் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் ஃபேன் முன்னால் ஒரு நாள் வைத்து, பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு போடுங்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் ஊதச் சொல்லாதீர்கள். அழுத்திய காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்தே வரும், அது இருக்கும் ஈரத்தையும் சிப்புக்கு அடியில் தள்ளும்.

மோட்டார், பேரிங் பக்கம் மின்சாரத்தைவிடத் துருதான் பிரச்சினை. பேரிங்குகளை ஐபிஏவில் அலசிக் காய வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு தையல் மெஷின் ஆயில் விட்டால் போதும். சர்வோவைத் திறந்தால் பல்சக்கரங்களுக்கு மறுபடி கிரீஸ் வைக்க வேண்டும், ஏனென்றால் ஐபிஏ பழைய கிரீஸைக் கழுவியிருக்கும்.

லிப்போ எனப்படும் லித்தியம் பாலிமர் பேட்டரியை மட்டும் இந்த வைத்தியத்தில் சேர்க்கவே கூடாது. மேலே இருக்கும் ஈரத்தைத் துடைத்து, வீட்டுக்கு வெளியே மணல் வாளியில் வைத்துக் கவனியுங்கள். உறை கிழிந்து தண்ணீர் உள்ளே போயிருந்தால், மின்பகுளியில் உள்ள ஃபுளோரின் உப்பு தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சு வாயுவைத் தரும். உப்பியிருந்தாலோ, ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தாலோ மறுபடி சார்ஜ் போட வேண்டாம். மின்கழிவு சேகரிப்பிடத்தில் கொடுத்துவிடுங்கள். புது பேட்டரியின் விலையைப் பார்த்து இதில் துணிச்சல் காட்டுகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

எல்லாம் காய்ந்தபின் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, இஎஸ்சியின் பிளஸ், மைனஸ் வயர்களைத் தொட்டுப் பாருங்கள். விடாமல் பீப் அடித்தால் பவர் கொடுக்கவே வேண்டாம். இல்லையென்றால், எலக்ட்ரீஷியன்கள் சீரிஸ் பல்பு வைத்துச் சோதிப்பதுபோல, பைக் இண்டிகேட்டரின் 12 வோல்ட், 10 வாட் பல்பு ஒன்றை பேட்டரிக்கும் இஎஸ்சிக்கும் நடுவே தொடராக இணைத்து ஆன் செய்யலாம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், மின்னோட்டம் ஒரு ஆம்பியருக்குள் அடங்கிவிடும், மிச்ச பாகங்கள் பிழைக்கும். மங்கலாக மின்னி அணைந்தால் நல்ல அறிகுறி. அப்போதும் சக்கரங்களைத் தரையில் படாமல் தூக்கியே வையுங்கள். பழுதான ரிசீவர் முழு வேகத்துக்கு ஆணை கொடுத்துவிடலாம்.

ஓடிவிட்டால், அடுத்த மழைக்கு முன் போர்டுகளுக்குக் காப்புப் பூச்சு போட்டுவிடுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் இதற்கென்றே அக்ரிலிக் ஸ்ப்ரே கிடைக்கும். இணைப்பு முனைகளிலும் சுவிட்சிலும் படாமல் டேப் ஒட்டி மறைத்து அடிக்க வேண்டும். பாத்ரூமுக்குப் பூசும் சிலிகான் கையில் இருக்கிறதென்று அதைத் தடவும் முன் முகர்ந்து பாருங்கள். வினிகர் வாசனை வந்தால் அது இறுகும்போது அசெட்டிக் அமிலம் விடும் வகை. நாம் காப்பாற்றிய செம்பையே அது அரித்துவிடும். நியூட்ரல் வகை சிலிகான் என்று கேட்டு வாங்க வேண்டும்.