கண்வலிக் கிழங்கை வேகவைத்தாலும் நஞ்சு போகாது

மூட்டுவலிக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வேலியோரம் படர்ந்திருந்த கண்வலிக் கிழங்கைத் தோண்டி, வேகவைத்துச் சாப்பிட்ட இன்னொருவர் சென்ற வாரம் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். மழைக்காலம் வந்தால் இத்தகைய நோயாளிகளை எதிர்பார்த்திருக்கப் பழகிவிட்டோம் என்பதே எரிச்சலாக இருக்கிறது.

செங்காந்தள், கலப்பைக் கிழங்கு என்று பல பெயர்களில் வழங்கும் இந்தக் கொடியின் பூ தமிழ்நாட்டின் மாநில மலர். மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் விதைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். இதிலுள்ள கோல்சிசின் என்ற நச்சுப்பொருள், கவுட் எனும் மூட்டுநோய்க்கு மருந்தாவது உண்மைதான். ஆனால் நாங்கள் எழுதித் தரும் மாத்திரையில் இருப்பது 0.5 மில்லிகிராம், வேலியில் தோண்டிய கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

“நன்றாக வேகவைத்துத்தானே கொடுத்தோம்” என்று உறவினர்கள் சொல்லாத நாளில்லை. மரவள்ளியை வேகவைத்து நீரை வடித்துவிட்டால் அதன் நஞ்சு குறைந்துவிடுவதால், எல்லாக் கிழங்குக்கும் அதுவே வழி என்று நம்புகிறார்கள். கோல்சிசின் அடுப்புச் சூட்டில் அழிவதில்லை. கொதிநீரில் கரைந்தது கஷாயத்தில் இருக்கும், கரையாதது கிழங்கிலேயே இருக்கும். காயவைத்து இடித்தால் பொடியிலும் இருக்கும். சித்த, ஆயுர்வேத மரபுகளே இதை நஞ்சாகக் கருதி, சுத்தி (நஞ்சைக் குறைக்கும் மரபு முறை) செய்த பின்னரே கையாளச் சொல்லியிருக்கின்றன. வீட்டு அடுப்பில் ஒரு கொதி விடுவது சுத்தி ஆகாது.

சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் தொடங்கும். அவை சற்றுத் தணிந்ததும், பிழைத்துவிட்டார் என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அழைத்துச் செல்கிறார்கள். சிறுநீரகம் பழுதாவதும், இரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை ஒடுங்கி வெள்ளணுக்கள் சரிவதும் பெரும்பாலும் அதற்கு அடுத்த நாட்களில்தான். டயாலிசிஸ் செய்து நஞ்சை எடுத்துவிடலாமே என்றும் கேட்கிறார்கள்; திசுக்களுக்குள் புகுந்துவிட்ட கோல்சிசினை டயாலிசிஸால் வெளியேற்ற முடியாது. சிறுநீரகம் செயலிழந்தால் அதைத் தாங்கிப் பிடிக்கவே அது உதவும். (இரண்டாவது வாரத்தில் முடி கொத்தாக உதிர்ந்தால் பயப்பட வேண்டாம், பிழைத்தவர்களுக்கு அது மீண்டும் வளர்ந்துவிடும்.)

இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பிபோல் வேலியைப் பிடித்திருந்தால், அந்தக் கொடியின் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தோண்டாதீர்கள். விதை காயப்போடும் விவசாயிகள், தயவுசெய்து குழந்தைகள் விளையாடும் திண்ணையில் அதைப் பரப்பாதீர்கள். தெரியாமல் யாரேனும் சாப்பிட்டுவிட்டால், உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள்; நேரத்தை வீணாக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். மீதமுள்ள கிழங்கையும் ஓர் இலையையும் கையோடு கொண்டுவாருங்கள். என்ன சாப்பிட்டார் என்பதை மறைக்காதீர்கள். வாந்தி நின்றுவிட்டது என்பதற்காக நாங்கள் அனுப்பும் முன் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.