கண் எரிந்தால் காதல் காட்சி வராது

குறும்படத்தில் அழுவதற்காகக் கண்ணில் தலைவலித் தைலம் தடவிக்கொண்ட இன்னோர் இளைஞரைச் சென்ற வாரம் தருமபுரியில் எங்கள் கண் மருத்துவமனைக்கு அழைத்து வந்தார்கள். ஒகேனக்கல் பாறைகளில் படப்பிடிப்பு. காதலி பிரிந்துபோகும் காட்சியாம். சாயச் சொட்டு விட்டு நீல ஒளியில் பார்த்தபோது, கருவிழியின் கீழ்ப்பகுதி முழுக்கப் பச்சையாக ஒளிர்ந்தது. அங்கே மேல்தோல் உரிந்துவிட்டது என்று பொருள். "இயற்கையாக அழச் சொன்னார்கள், அதனால்தான் டாக்டர்" என்றார். எனக்குக் கோபமும் வருத்தமும் ஒன்றாகவே வந்தன.

தைலம் தவறு என்று சொன்னால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். உடனே, "அப்படியானால் கிளிசரின் போடலாமே, சினிமாவில் எல்லோரும் போடுவதுதானே?" என்கிறார்கள். கிளிசரின் விஷமல்ல. ஆனால் நீரை இழுப்பது அதன் குணம். கண்ணில் விழுந்ததும் கருவிழியின் ஈரத்தை உறிஞ்சும், கண் எரியும், எரியவைத்ததைக் கழுவித் தள்ளக் கண்ணீர் சுரக்கும். கருவிழி வீங்கிய நோயாளிகளுக்கு நாங்களே கிளிசரின் சொட்டு விடுவதுண்டு, முதலில் கண்ணை மரத்துப்போகச் செய்த பிறகுதான். மருந்துக் கடையில் தோலுக்கென்று விற்கும் குப்பி, கண்ணுக்கான சொட்டு மருந்தைப் போலக் கிருமி நீக்கியது அல்ல. அதே குப்பி, அதே பஞ்சு, படக்குழுவில் நான்கு பேர் கண்ணுக்குப் போகிறது. மெட்ராஸ் ஐ பரவ வேறென்ன வேண்டும்?

கண்ணீர் வந்துவிட்டால் நடிப்பு வந்துவிட்டது என்ற நம்பிக்கைதான் என்னை மிகவும் வாட்டுகிறது. எரிச்சலிலும் துயரத்திலும் சுரப்பது ஒரே சுரப்பிதான்; அதைத் தூண்டும் வழி வேறு. எரியும் கண்ணில் இமை தானாக இறுகும், புருவம் சுருங்கும், வெளிச்சம் கூசும். எதிரே நிற்கும் காதலியை நிமிர்ந்து பார்க்கவே முடியாது. காதல் காட்சிக்கு உயிர் பார்வையில் அல்லவா இருக்கிறது! உண்மைத் துயரத்தில் முதலில் மூச்சு மாறும். தொண்டை அடைக்கும், தாடை நடுங்கும், குரல் உடையும். கண்ணீர் பல நேரம் கடைசியில்தான் வரும், சில நேரம் வராமலும் போகும். பார்வை போய்விட்டது என்று சொல்ல நேரும் குடும்பங்களின் முகங்களில் இதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

நம் ஊர்ப் பக்கம் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அபிமன்யுவை இழந்து சுபத்திரை புலம்பும்போது, அரிதாரம் பூசிய அந்த முகத்தில் கண்ணீர் இருக்கிறதா என்பது கடைசி வரிசைக்குத் தெரியாது. ஆனாலும் அங்கே உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். குரலும் மூச்சும் செய்கிற வேலை அது. நடிக்க ஆசைப்படும் பிள்ளைகள் அந்தக் கலைஞர்களிடம் போய் உட்காருங்கள்.

கேமராவுக்குக் கண்ணீர் தெரிந்தே ஆகவேண்டும் என்றால் கிளிசரினைக் கன்னத்தில் ஒரு துளி வையுங்கள். கெட்டியானது, மெல்ல உருளும், போதும். கண்ணுக்குள் எதுவும் வேண்டாம்: தைலம், வெங்காயச் சாறு, எலுமிச்சை, எதுவும். தம்பிகளே, இயக்குநராக இருப்பவர்களே, நடிப்பவர் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். உங்களை நம்பிக் கண்ணைக் கொடுக்கிறார்கள்.

தவறிப் பட்டுவிட்டால் கசக்காதீர்கள். லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிட்டு, சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரம் விடாமல் கழுவுங்கள். தாய்ப்பால் விடாதீர்கள், விளக்கெண்ணெய் விடாதீர்கள். சிவப்பு மறையட்டும் என்று கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து இன்னும் மோசம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண்ணில் பூஞ்சைத் தொற்று வேகமாகப் பரவும், தொடர்ந்து விட்டால் கண் அழுத்தமும் ஏறலாம். கழுவிய பிறகும் வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, கூசினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். வெட்கப்பட்டு "தூசி விழுந்தது" என்று சொல்லாமல், போட்ட குப்பியையும் கையோடு கொண்டு போங்கள்.