ஃபார்மிகரி கரோஷன்: எறும்புப்புற்று அரிமானம்

குளிரூட்டும் கருவியின் செப்புக் குழாயில், கண்ணுக்கு எளிதில் படாத ஊசித்துளையாகத் தொடங்கி, சுவருக்குள்ளே கிளை கிளையாக வளை தோண்டிக்கொண்டு போகும் அரிமானம் இது. எவாப்பரேட்டர் காயிலில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளில்) அடிபட்ட தடம் எதுவும் இல்லாமல், உள்ளே ஓடும் குளிர்பொருளான கேஸ் மெல்ல மெல்லக் குறைந்தால் இதையும் சந்தேகிக்க வேண்டும். அம்மோனியாவைக் குளிர்பொருளாகப் பயன்படுத்தும் ஆலைகளுக்கு இந்தக் கவலை இல்லை; அங்கே எஃகுக் குழாய்தான்.

லத்தீனில் ‘ஃபார்மிகா’ என்றால் எறும்பு, ‘ஃபார்மிகேரியம்’ எறும்புப்புற்று. குழாயைக் குறுக்கே அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியும் வளைகள்தான் பெயருக்குக் காரணம். இதை உண்டாக்கும் ஃபார்மிக் அமிலத்தின் பெயரும் எறும்பிலிருந்தே வந்தது என்பது வேடிக்கை: 1671இல் ஆங்கில இயற்கையியலாளர் ஜான் ரே எறும்புகளைக் காய்ச்சி வடித்து அந்த அமிலத்தைப் பெற்றார். அதற்காக அமிலத்தால் வந்த பெயர் என்று எண்ணிவிடக் கூடாது. அசெட்டிக் அமிலம் அரித்தாலும் இதே பெயர்தான்.

கரோஷனுக்கு ‘அரிப்பு’ என்றும் எழுதுகிறார்கள். ஆனால் மண் அரிப்பு போல நீரோ காற்றோ தேய்த்துக் கரைப்பதையும் அது குறிப்பதால், வேதிவினையால் உலோகம் கெடுவதற்கு ‘அரிமானம்’ என்பதே தெளிவு. ‘புற்று அரிமானம்’ என்று சுருக்கினால் புற்றுநோய் நினைவுக்கு வரும். ஆகவே ‘எறும்புப்புற்று அரிமானம்’ என்று முழுமையாகவே சொல்லலாம். ‘குழி அரிமானம்’ இதற்குப் பொருந்தாது, அது பிட்டிங் என்னும் வேறு வகை. குளோரைடு உண்டாக்கும் அந்தக் குழிகள் வாய் அகன்று, பெரும்பாலும் வெறுங்கண்ணுக்கே தெரியும்.

செம்பு, ஈரம், ஆக்சிஜன், கரிம அமிலம் நான்கும் சேர்ந்தால்தான் இது நிகழும். செம்பை இழுத்துக் குழாயாக்கும்போது பூசிய எண்ணெயின் மிச்சம், ஒட்டுப்பசை, காப்புப்பொருள், பெயின்ட், மரப்பலகை ஆகியவற்றிலிருந்து அமிலம் வரலாம். எண்ணெய்ப் பிசுக்கு நீக்கப் பயன்பட்ட 1,1,1-டிரைகுளோரோஈத்தேன் நீரோடு வினைபுரிந்து அசெட்டிக் அமிலத்தைத் தரும். அமிலம் துளி இருந்தாலும் போதும். அமிலம் செம்போடு சேர்ந்து உண்டாகும் உப்பு ஆக்சிஜனால் மாறி, குப்ரஸ் ஆக்சைடு என்னும் செம்பு ஆக்சைடை வளைக்குள் விட்டுவிட்டு, மறுபடி புதுச் செம்பைத் தாக்குகிறது, அமிலம் தீர்ந்துபோவதில்லை. ஆக்சைடு கூடுதல் இடம் பிடிப்பதால் உலோகம் பிளந்து வளை நீள்கிறது.

நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை வைத்தால் கசியும் இடம் தெரியும். குழாயைச் சுற்றியுள்ள மெல்லிய தகடான ஃபின்னுக்கு அடியில் இருந்தால் கண்டுபிடிப்பது பெரும்பாடு. அந்த ஒரு துளையை பிரேசிங் செய்து (வேறு உலோகத்தை உருக்கி ஒட்டி) அடைப்பது பெரும்பாலும் வீண்வேலை, பக்கத்தில் பாதி தோண்டிய வளைகள் காத்திருக்கும். காயிலையே மாற்ற வேண்டும். புதிய காயிலுக்கு வெள்ளீயம் பூசிய செப்புக் குழாயோ அலுமினியமோ தேர்ந்தெடுக்கலாம். அமிலம் வந்த வழியை அடைக்காமல் பழையபடி வெறும் செம்பையே பொருத்தினால் அதுவும் ஓட்டையாகும்.