போல்ட்டு என்பது திருகாணி அன்று, மரையாணி

சிறிய விமானம் ஒன்றின் பராமரிப்புக் குறிப்பைத் தமிழாக்கிவிட்டு, சரிபார்த்துத் தரும்படி என்னிடம் கேட்டிருந்தார்கள். இருவர் அமரும் விமானம், ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் பூட்டியது. தேய்ந்துபோன ஆணிகளைக் கழற்றிப் புதியவற்றை வாங்கிப் போடுவது பற்றிய பகுதியில் இப்படி ஒரு வரி இருந்தது: ‘சேதமடைந்த எம்6 திருகாணியையும் சுயபூட்டுக் கொட்டையையும் அகற்றி, மாற்றுத் திருகாணியைப் பொருத்தி நன்கு திருகி இறுக்கவும்.’ இந்த ஒரு வரிக்குள் மூன்று பிழைகள் இருக்கின்றன. நட்டு கொட்டையாகிவிட்டது எவர் கண்ணிலும் படும். ‘மாற்று’ சற்று யோசித்தால் பிடிபடும். ஆனால் போல்ட்டைத் திருகாணி என்று எழுதுவதைப் பிழை என்றே பலர் ஒப்புக்கொள்வதில்லை. அகராதியில் இருக்கிறதே என்கிறார்கள். பல ஆண்டுகளாக இதே பதிலைக் கேட்டுவருவதால் இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

போல்ட்டு என்னும் ஆங்கிலச் சொல் பழங்காலத்தில் குட்டையான கனத்த அம்பைக் குறித்தது; பிறகு கதவின் தாழுக்கும், அதன்பின் மரையிட்ட, அதாவது தண்டைச் சுற்றிச் செல்லும் வெட்டுடைய, ஆணிக்கும் பெயராயிற்று. ஸ்குரூ என்பது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதன் மூலச்சொல்லின் இன்றைய வடிவம் நட்டைத்தான் குறிக்கிறது. நட்டு, பருப்புள்ள கொட்டையின் பெயரை உவமையாக ஏற்றுக்கொண்டது. ஜெர்மானியர் அதே பொருளைத் ‘தாய்’ என்கிறார்கள். ஒவ்வொரு மொழியும் தன் வீட்டில் கிடந்த சொல்லை எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதற்குமேல் இதில் நமக்கு வேலையில்லை.

நம் வீட்டில் கிடப்பது ஆணி. அச்சாணி, கடையாணி, தறையாணி, திருகாணி, மரையாணி என்று ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. அச்சாணி திருக்குறளின் 667ஆம் பாட்டிலேயே வந்துவிட்டது. ஆகவே உறுப்புகளை ஒன்றோடொன்று பிணைப்பவற்றுக்கெல்லாம் ஆங்கிலத்தில் உள்ள ஃபாஸ்டனர் என்னும் பொதுப்பெயருக்கு ‘இறுக்கி’ என்று புதிதாக ஒன்றைச் சமைக்கத் தேவையில்லை. ‘ஆணி வகை’ என்றாலே போதும். இறுக்கி என்பது பொருளாலும் பிழை. தறையாணியை, அதாவது ரிவெட்டை, அடித்து மழுக்குகிறோம், இறுக்குவதில்லை. நட்டு கழலாமல் துளையில் செருகி வளைத்துவிடும் பிளவூசியையும் இறுக்குவதில்லை. இவையெல்லாம் ஃபாஸ்டனர்களே.

இனித் திருகாணிக்கு வருகிறேன். அந்தச் சொல்லுக்கு நான் பகைவன் அல்லன். அது நகைத் தொழிலின் சொல். அங்கே அது மிகப் பொருத்தமானது. பழைய மாதிரித் தோட்டின் தண்டு குழாயாக இருக்கும், குழாயின் உள்ளே மரை இருக்கும். தோடு காதில் அசையாமல் நிற்க, பின்னாலிருந்து ஒரு சிறு ஆணியை விரலால் திருகி உள்ளே செலுத்துவார்கள். திருகப்படுவது ஆணி, ஆகவே திருகாணி. மரப்பலகையில் ஸ்குரூ டிரைவரால் ஏற்றும் ஆணிக்கும் இதே பெயர் சரியாகப் பொருந்துகிறது. தலையைப் பிடித்துத் திருப்புகிறோம், ஆணி சுழன்றுகொண்டே இறங்குகிறது.

போல்ட்டு அப்படி வேலை செய்வதில்லை. இரண்டு தகடுகளின் துளைகள் வழியே அதைச் செருகி, தலையை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபுறம் நட்டைத் திருப்பி இறுக்க வேண்டும். விமானப் பராமரிப்பில் இது பழக்கம் மட்டும் அன்று, முடிந்த இடமெல்லாம் கடைப்பிடிக்கும் விதி. தலையைத் திருப்பினால் தண்டு துளைச் சுவரில் உராய்கிறது. துளையும் தேய்கிறது, தண்டின் முலாமும் போகிறது. அதோடு, முறுக்குவிசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவில் ஒரு பங்கு அந்த உராய்விலேயே செலவாகிவிடுவதால், இறுக்கம் வந்துவிட்டதாக முள் காட்டும்போது உண்மையில் வந்திருக்காது. இப்போது அந்த வரியைத் திரும்பப் படியுங்கள்: ‘திருகாணியைப் பொருத்தி நன்கு திருகி இறுக்கவும்.’ எதைத் திருகக் கூடாதோ அதைத் திருகச் சொல்கிறது அந்தப் பெயர். பெயரே தவறான செய்முறையைக் கற்றுக்கொடுக்கும்போது, அகராதியில் இருக்கிறது என்ற சமாதானம் எனக்குப் போதவில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஜெர்மன் மொழியில் போல்ட்டுக்கும் ஸ்குரூவுக்கும் ஒரே சொல்தான். இலகு விமானங்களிலும் கிளைடர்களிலும் மெட்ரிக் ஆணிகளை உலகெங்கும் பரப்பியவர்களில் அவர்களே முதன்மையானவர்கள். அவர்களுக்கு ஒரு சொல் போதுமென்றால் நமக்கு ஏன் இரண்டு என்று ஒரு நண்பர் கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் தொழில்நுட்பக் குறிப்புகளில் அவர்கள் அந்த ஒரு சொல்லைப் பெரும்பாலும் தனியே விடுவதில்லை. பின்னாலேயே நியம எண் வரும். டி.ஐ.என். என்னும் ஜெர்மன் நியமத்தில் 931 என்றால் தண்டின் ஒரு பகுதியில் மட்டும் மரை, டி.ஐ.என். 933 என்றால் தலைவரை மரை. வேறுபாட்டைச் சொல்லில் காட்டாதவர்கள் எண்ணில் காட்டிவிடுகிறார்கள். நம் மொழிபெயர்ப்புகளிலோ எண் முதல் வரியில் ஒருமுறை வந்துவிட்டு மறைந்துவிடுகிறது. அதன்பின் பத்துப் பக்கங்களுக்குத் திருகாணி, திருகாணி என்று மட்டுமே வரும்.

மரையாணி என்றால் மரை உடைய ஆணி. எதைத் திருப்ப வேண்டும் என்று அது சொல்வதில்லை, ஆகவே தவறாகவும் சொல்வதில்லை. அதோடு மரையையே பெயரில் தாங்கியிருப்பதால், எந்த மரை என்ற கேள்வியை உடனே எழுப்புகிறது. ஆணி தேடி வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

அந்தக் கேள்வி எவ்வளவு நுட்பமானது என்பதை ஒருமுறை என் மேசைமேலேயே பார்த்தேன். ஒரு பக்கம் ஏ.என்.3 வகை அமெரிக்க விமான மரையாணி. அதன் மரை அங்குலத்துக்கு 32 சுற்று, வெளிவிட்டம் 4.83 மில்லிமீட்டர், அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளுக்கு இடைப்பட்ட தொலைவான புரியிடைத் தூரம் 0.794 மில்லிமீட்டர். மறுபக்கம் எம்5 மெட்ரிக் நட்டு. விட்டம் 5 மில்லிமீட்டர், புரியிடைத் தூரம் 0.8. அந்த நட்டை இந்த ஆணியில் விரலால் ஏற்றினேன். தங்குதடையின்றி ஏறியது. சற்று லொடலொடத்தது, அவ்வளவுதான். பழகாத கை என்றால் நன்றாகப் பொருந்துகிறது என்றே நினைத்திருக்கும். வான்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி.-12 போன்ற விமானத்தில் உடல் முழுவதும் அமெரிக்க அங்குல ஆணிகள், முன்னால் இருக்கும் ஆஸ்திரிய ரோட்டாக்ஸ் எஞ்சினிலோ மெட்ரிக் ஆணிகள். இரண்டும் ஒரே தட்டில் கலந்துவிட்டால் மரையை மட்டும் கண்ணால் பார்த்துப் பிரிப்பது கடினம்.

கண்ணை நம்பியதன் விலை என்ன என்பதற்குப் பெரிய விமானம் ஒன்றே சாட்சி. 1990 ஜூன் 10 அன்று பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலகாவுக்குப் புறப்பட்ட பி.ஏ.சி. 1-11 விமானத்தில் தலைமை விமானி முன்னிருந்த கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. விமானியின் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். விமானி உயிர் பிழைத்தார். அந்தக் கண்ணாடியைப் பிடித்திருந்த 90 ஆணிகளில் 84, இருக்க வேண்டியதைவிட ஏறத்தாழ 0.66 மில்லிமீட்டர் மெலிந்தவை. கழற்றிய பழைய ஆணியைக் கையில் வைத்து, ஒப்பிட்டுப் பார்த்து எடுத்தவை அவை. இரண்டு வகைக்கும் அங்குலத்துக்கு 32 சுற்று என்ற ஒரே மரை என்பதால் திருப்பும்போதும் வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை.

அடுத்தது நட்டு. கொட்டை என்பதற்கு நான் வாதமே செய்யப்போவதில்லை; அகராதியைத் திறந்து முதலில் கண்ணில்பட்ட பொருளை எடுத்து ஒட்டியது அது. பட்டறையில் சொல்லும் நட்டு அதைவிட எவ்வளவோ மேல். தமிழில்தான் வேண்டும் என்றால் பலர் மரை என்று எழுதுகிறார்கள். இங்கேதான் எனக்குத் தயக்கம். பேச்சில் மரை என்பது நட்டையும் குறிக்கிறது, சுற்றிச் செல்லும் வெட்டையும் குறிக்கிறது. ‘மரை தேய்ந்துவிட்டது’ என்று குறிப்பில் எழுதியிருந்தால், புதிதாக வாங்க வேண்டியது நட்டா, ஆணியா? இதற்கு நகைத் தொழிலே விடை வைத்திருக்கிறது. திருகு ஏறும் துளையுள்ள உறுப்பைச் சுரை என்பார்கள். சுரை என்றால் உட்டுளை. சுரைக்குடுக்கை நினைவுக்கு வந்தால் போதும். ஆகவே வெட்டுக்கு மரை, நட்டுக்குச் சுரை, இரண்டு வெட்டுகளுக்கு இடைப்பட்ட தொலைவுக்குப் பள்ளியில் திருகு அளவியோடு படித்த புரியிடைத் தூரம். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று நிறுத்திக்கொண்டால் குறிப்பைப் படிப்பவர் தடுமாற மாட்டார்.

தூய்மையைவிடத் தெளிவே எனக்குப் பெரிது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். வாஷரை வாஷர் என்றே எழுதுகிறேன். மெட்ரிக்கையும் அப்படியே விடுகிறேன். ‘பதின்ம மரையாணி’ என்று எழுதுகிறவர்கள், அங்குல ஆணியின் அளவுகளும் 0.190 என்று பதின்மத்தில்தான் எழுதப்படுகின்றன என்பதை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பெயர் வேறுபடுத்த வேண்டியதை வேறுபடுத்தவே இல்லை.

அதே குறிப்பில் இன்னோரிடத்தில் ‘பிடி நீளம்’ என்றொரு தொடர் வந்தது. ஆங்கிலத்தில் கிரிப் என்பதை அப்படியே பெயர்த்திருக்கிறார்கள். படிப்பவர் என்ன நினைப்பார்? சுரை மரையைப் பிடித்திருக்கும் நீளம் என்றுதான் நினைப்பார். உண்மை இதற்கு நேர் எதிர். கிரிப் என்பது தலைக்கும் மரைக்கும் நடுவே மரையே இல்லாமல் வழவழப்பாக இருக்கும் தண்டுப் பகுதி. நான் அதை வெறுந்தண்டு என்கிறேன். தகடுகள் ஒன்றையொன்று பக்கவாட்டில் இழுக்கும்போது அந்த வெட்டுவிசையைத் தாங்க வேண்டியது வெறுந்தண்டுதான், மரை அன்று. எம்6 ஆணியின் வெறுந்தண்டுக்குக் குறுக்குவெட்டுப் பரப்பு 28.3 சதுர மில்லிமீட்டர். மரைப் பகுதியில் கணக்கில் கொள்வதோ 20.1 மட்டுமே. மரையின் கூர்மையான முகடுகள் துளையின் சுவரையும் அரம்போல அராவும்.

ஆணி தேடுபவரை மிகவும் அலைக்கழிப்பது இந்த நீளமே. 30 மில்லிமீட்டர் நீளமுள்ள எம்6 ஆணியை டி.ஐ.என். 931 நியமத்தில் வாங்கினால் அதில் 18 மில்லிமீட்டர் மரை, 12 மட்டுமே வெறுந்தண்டு. தகடுகளின் மொத்தத் தடிமன் 20 என்றால் 8 மில்லிமீட்டர் மரை துளைக்குள் உட்கார்ந்துவிடும். தரம் 8.8 என்று தலையில் பொறித்திருக்கும். குறைந்தது 800 மெகாபாஸ்கல் இழுவிசை வலிமை உண்டு. எஃகில் குறையே இல்லை. ஆனாலும் அந்த இடத்துக்கு அது ஆகாது. விமானத்துக்கென்று வகுத்த எல்.என். 9037 போன்ற நியமத்து ஆணிகளை, விலை கூடுதலானாலும், காத்திருந்து வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ‘பிடி நீளம் 20’ என்று எழுதிக்கொடுத்தால் கடைக்காரருக்கும் புரியாது, வாங்க வந்தவருக்கும் புரியாது. ‘வெறுந்தண்டு 20’ என்றால் ஆணியைப் பார்த்தவுடன் அளந்துவிடலாம்.

கடைசியாக மாற்று. தமிழில் அந்தச் சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு: பழையதை எடுத்துவிட்டு அதே வகையில் போடும் புதியதும் மாற்று, ஒன்று கிடைக்காதபோது அதற்கு ஈடாகக் கொள்ளும் வேறொன்றும் மாற்று. அன்றாட வாழ்வில் இதனால் தீங்கில்லை. விமானத்தில் இவ்விரண்டுக்கும் நடுவே பெரிய அகழி இருக்கிறது. நியமப்படி செய்த அதே எண்ணுள்ள ஆணி என்றால், அந்த நியமத்துக்கு ஒத்தது என்னும் இணக்கச் சான்றோடு வாங்கிப் போடலாம். வேறு எண்ணுள்ள ஆணியை ஈடாகப் போட வேண்டுமென்றால் விமானத்தை வடிவமைத்தவரின் இசைவு, அல்லது அதற்குரிய அதிகாரம் பெற்றவரின் ஒப்புதல் வேண்டும். ‘மாற்றுத் திருகாணி’ என்று எழுதியவர் முதலாவதைத்தான் நினைத்தார். படிப்பவர் இரண்டாவதாக எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருக்கிறது. மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கடமை முடிந்தது என்று எண்ணும் மொழிபெயர்ப்பாளர்கள்மேல் எனக்குள்ள மனக்குறை இதுவே. ஆணியை ஒருமுறையாவது கையில் எடுத்துப் பார்த்திருந்தால் இந்த வரி இப்படி வந்திருக்காது. இதற்குப் புதுச்சொல் எதையும் நான் தேடவில்லை. ‘அதே எண்ணுள்ள புதிய’ என்று நீட்டி எழுதிவிடுகிறேன். ‘மாற்று’ என்பதை ஈடாகக் கொள்வதற்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

அந்த வரியைத் திருத்தி இப்படி அனுப்பினேன்: ‘தேய்ந்த எம்6 மரையாணியையும் அதன் தன்பூட்டுச் சுரையையும் கழற்றுக. அதே எண்ணுள்ள புதிய மரையாணியைச் செருகி, வெறுந்தண்டு தகடுகளின் முழுத் தடிமனையும் நிரப்புகிறதா என்று பார்க்க. ஆணியின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு புதிய சுரையை மட்டும் திருப்பி, குறித்த அளவுக்கு இறுக்குக.’