மாலை ஐந்து மணிக்குத் திணறும் சர்வர்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஆலைக்கு சர்வர் பார்த்துக் கொடுக்கிறேன். சொந்தத் தோட்டம் இல்லாமல், சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி ஓட்டும் ஆலை. ஊருக்கு ஊர் எடைபோடும் இடம் உண்டு. எடை போடுகிற தம்பி போனில் கிலோவைப் போட்டால், அது ஆலையில் உள்ள டாம்கேட் (ஜாவா அப்ளிகேஷனை ஓட்டும் மென்பொருள்) சர்வருக்கு வந்து பதிவாகும், விவசாயிக்கு எஸ்.எம்.எஸ். போகும். பகல் முழுக்க வேலையில்லாமல் கிடக்கும் சர்வருக்கு, நான்கரையிலிருந்து ஆறு மணி வரைதான் பாடு.

மே மாதம் கொழுந்து நிறைய வரும் நேரம். ஒரு நாள் ஐந்து மணிக்கு போன் வந்தது. "அண்ணா, எடை ஏறவே மாட்டேங்குது, சுத்திக்கிட்டே இருக்கு. மழை வேற. அம்மாங்க எல்லாம் மூட்டையோட நிக்கிறாங்க." மூட்டையில் அடைத்த இலை நேரமாக ஆகச் சூடேறிச் சிவந்துவிடும். அப்புறம் அதற்கு விலை கிடையாது. சர்வர் அரை மணி நேரம் நின்றால் நஷ்டம் அந்தம்மாவின் கூலியில் விழுகிறது. இந்த வேலை செய்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

ரீஸ்டார்ட் செய்தால் பத்து நிமிடம் ஓடும், மறுபடி நிற்கும். எனக்கு முன்னால் பார்த்தவர் டாம்கேட்டின் அமைப்பு ஃபைலான சர்வர்.எக்ஸ்எம்எல்லில் மேக்ஸ்திரெட்ஸ் எண்ணை 800 ஆக்கி வைத்திருந்தார். வருகிற கோரிக்கையைக் கவனிக்கும் வேலையாள் மாதிரிதான் திரெட்; ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதே அந்த எண். டாம்கேட்டில் அது இயல்பாக 200. நெரிசல் என்றால் திரெட்டைக் கூட்டுவது, மெமரி என்றால் ஹீப்பை (ஜாவா தன் டேட்டாவை வைக்கும் மெமரி) கூட்டுவது: நிறையப் பேர் செய்வது இதுதான். ஆலையில் ட்ரையர் மெதுவாக ஓடும்போது, இலையை வாட்டும் தொட்டியை மட்டும் கூட்டினால் தூள் கூடுமா? வாடிய இலை குவியும், அவ்வளவுதான்.

எண்ணைத் தொடும் முன்பு, திரெட்டுகள் எங்கே காத்து நிற்கின்றன என்று பாருங்கள். சர்வர் திணறிக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு திரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்று காட்டும் ஜேஸ்டாக் கட்டளையைப் பத்து நொடி இடைவெளியில் மூன்று தடவை ஓட்டி, வருவதை ஃபைலில் சேமியுங்கள்; இதைத்தான் டம்ப் என்பார்கள். அதற்குப் பிறகு ரீஸ்டார்ட் செய்யலாம். முதலிலேயே செய்துவிட்டால் தடயம் போய்விடும்.

அன்றைக்கு எடுத்த மூன்று டம்ப்பிலும் நூற்றுக்கணக்கான திரெட்டுகள் ஒரே வரியில் நின்றன: ஹிகாரி பூலிடம் (கனெக்‌ஷன்களைத் திறந்து வைத்து இரவல் தரும் லைப்ரரி) டேட்டாபேஸ் கனெக்‌ஷன் கேட்டுக் காத்திருப்பு. நாம் எண் எதுவும் சொல்லாவிட்டால் ஹிகாரி தருவது 10 கனெக்‌ஷன். அந்தப் பத்தையும் யார் வைத்திருக்கிறார்கள் என்று தேடினேன். பத்து திரெட்டும் எஸ்.எம்.எஸ். அனுப்பும் இடத்தில், எதிர்முனையின் பதிலுக்காக உட்கார்ந்திருந்தன. எடையைப் பதிந்து, கமிட் செய்யாமலே (பதிவை உறுதி செய்து கனெக்‌ஷனை விடாமலே) எஸ்.எம்.எஸ். அனுப்பி, அது முடிந்த பிறகு கமிட் என்று கோடு எழுதப்பட்டிருந்தது. மழை நாளில் மலையில் லைன் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு நான்கு நொடி ஆனால், பத்து கனெக்‌ஷனில் நிமிடத்துக்கு 150 பதிவுதான் போகும். எங்களுக்கு வந்துகொண்டிருந்தது 400. மீதி வரிசையில் நின்று, 30 நொடியில் பிழையாகித் திரும்பியது. தம்பி மறுபடி அழுத்துவான், வரிசை இன்னும் நீளும்.

கமிட்டை முன்னால் கொண்டு வந்தோம். எஸ்.எம்.எஸ்.ஸைத் தனி வரிசையில் போட்டு, பின்னால் அனுப்ப வைத்தோம். அனுப்பும் இடத்தில் டைம்அவுட் மூன்று நொடி. ஜாவாவின் பழைய எச்.டி.டி.பி. வகுப்பில் டைம்அவுட் கொடுக்காவிட்டால் அது முடிவே இல்லாமல் காத்திருக்கும்; கோடில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். மேக்ஸ்திரெட்ஸை 200க்கே இறக்கினேன், பூல் பத்தாகவே இருக்கிறது. அன்றிலிருந்து மாலை ஐந்து மணிக்கு போன் வருவதில்லை.

டாம்கேட்டுக்குப் பதில் வைல்ட்ஃபிளை, வெப்லாஜிக் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான், அமைப்பின் பெயர்தான் மாறும். பூலைக் கூட்டியே ஆக வேண்டுமென்றால் எதிரே உள்ள டேட்டாபேஸையும் பாருங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இயல்பாக 100 கனெக்‌ஷனைத்தான் உள்ளே விடும், மைஎஸ்கியூஎல் 151.

மெமரி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அதே 8 ஜி.பி. கம்ப்யூட்டரில் எக்ஸ்எம்எக்ஸ் (ஹீப்பின் உச்சவரம்பு) 7 ஜி.பி. என்று போட்டிருந்தது, டேட்டாபேஸும் அதிலேயே ஓடியது. ஜாவா எடுப்பது ஹீப் மட்டும் இல்லை. கிளாஸ் விவரங்களை வைக்கும் மெட்டாஸ்பேஸ் இருக்கிறது, ஒவ்வொரு திரெட்டுக்கும் 1 எம்.பி. வரை ஸ்டாக் இருக்கிறது. லினக்ஸில் மெமரி தீர்ந்தால் அதிகம் பிடித்திருக்கும் புராசஸைத்தான் அது பெரும்பாலும் கொல்லும். டாம்கேட் லாகில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. நான் 3 ஜி.பி.க்கு இறக்கினேன், பயன்படாத மெமரியை ஜாவா மீட்பதைப் பதியும் கார்பேஜ் கலெக்‌ஷன் லாகையும் போட்டு விட்டேன். அவுட் ஆஃப் மெமரி வந்தால் ஹீப் டம்ப் (ஹீப்பில் இருப்பதை ஃபைலாக எழுதுவது) எடுக்கும் ஆப்ஷனையும் இப்போதே போட்டு வையுங்கள். ஃபைல் விழ டிஸ்கில் இடம் இருக்கட்டும். கேட்டலினா.அவுட் என்ற லாக் ஃபைலை டாம்கேட் தானாகச் சுழற்றாது, அதாவது பழையதை ஒதுக்கிப் புதிது தொடங்காது. டிஸ்க் நிரம்பி நின்ற சர்வர் இரண்டைப் பார்த்திருக்கிறேன்.

டாம்கேட் 8.5க்கான ஆதரவு 2024 மார்ச்சோடு முடிந்துவிட்டது. 9க்கு மாறுவது எளிது. 10க்குத் தாவினால் ஜாவாஎக்ஸ் என்ற பேக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தா என்று மாறியிருக்கும், பழைய அப்ளிகேஷன் அப்படியே ஓடாது. கோடு எழுதியவரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

ஜூனில் காற்றும் மழையும் வந்தால் இங்கே கரண்ட் நாளைக்கு நாலு தடவை போகும். யூ.பி.எஸ். தீர்ந்து, கரண்ட் வந்து, கம்ப்யூட்டர் தானாக எழும்போது டேட்டாபேஸுக்கு முன்னால் டாம்கேட் எழுந்தால் அப்ளிகேஷன் ஏறாமலே நிற்கும். லினக்ஸில் சர்வீஸ்களை எழுப்பும் சிஸ்டம்டியின் டாம்கேட் ஃபைலில், டேட்டாபேஸுக்குப் பிறகு என்று ஒரு வரி சேர்த்து, ஆலை ஓடாத ஒரு நாளில் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுப் பாருங்கள். நாங்கள் மே கடைசி ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்கிறோம்.