“ரெண்டே கேள்வியில போச்சு மேடம்”

தமிழ்நாடு அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வின் ரிசல்ட் வந்த வாரத்தில் என்னிடம் வருகிறவர்கள் உட்கார்ந்ததும் சொல்வது இதைத்தான். கட்-ஆஃபுக்கு, அதாவது வேலை கிடைத்த கடைசி ஆளின் மதிப்பெண்ணுக்கு, ரெண்டு கேள்வி குறைவு. சிலருக்கு மூன்று. மதுரையில் போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு வேலை வழிகாட்டல் செய்கிறேன். இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கடைசியாகச் சொன்னவர் பி.காம். முடித்த ஒரு தம்பி, வயது 29. “இவ்வளவு பக்கத்துல வந்துட்டான், அடுத்த தடவை அடிச்சிருவான்” என்றார் கூட வந்த அப்பா. 2022-லும் அதே ரெண்டு கேள்விதான், 2024-லும் அதேதான் என்று தம்பியே சொன்னார். அதைச் சொன்னபோதுகூட அவருக்கு உறைக்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த ரெண்டு கேள்வி எவ்வளவு தூரம் என்று கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண், மொத்தம் 300. 2022-ல் விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். இத்தனை பேரை 200 கேள்விகளுக்குள் வரிசைப்படுத்தினால், ஒரே மதிப்பெண்ணில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் நிற்பார்கள். ஒரு கேள்வி குறைந்தால் உங்களுக்கு முன்னால் நிற்பது ஒருவர் இல்லை, ஒரு கூட்டம். ஓஎம்ஆர் தாளில் ரெண்டு வட்டம்தான். தரவரிசையில் அது எத்தனையோ ஆயிரம் இடங்கள்.

சரி, அந்த ரெண்டையும் அடுத்த முறை எடுத்துவிட்டால்? கட்-ஆஃப் என்ன ஊர் எல்லைக் கல்லா, அதே இடத்தில் நிற்க? அறிவிப்பில் இருந்த இடங்களைப் பாருங்கள்: 2022-ல் 7,301, 2024-ல் 6,244, 2025-ல் 3,935. பின்னால் கூட்டுவார்கள், அது வேறு விஷயம். ஆனால் இடமும் மாறுகிறது, வினாத்தாளின் கடினமும் மாறுகிறது, எழுத வருகிற கூட்டமும் மாறுகிறது. போன வருடத்துக் கட்-ஆஃபோடு ரெண்டைக் கூட்டி இலக்கு வைப்பவர், அந்தக் கோடு நகராது என்று நம்பித்தான் வைக்கிறார்.

அதனால் எத்தனை கேள்வி எடுத்தீர்கள் என்று நான் கேட்பதே இல்லை. ரேங்க் என்ன, இனவாரி ரேங்க் (உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்குள் உள்ள இடம்) என்ன, அதற்கு முந்தைய முறை என்ன என்றுதான் கேட்கிறேன். ரேங்க் ஒவ்வொரு முறையும் நன்றாக முன்னேறியிருந்தால் இன்னொரு முறை எழுதுவதில் அர்த்தம் இருக்கிறது, தாராளமாக எழுதுங்கள். கிடந்த இடத்திலேயே கிடந்தால், படிக்கிற முறை மாற வேண்டும் அல்லது போகிற பாதை மாற வேண்டும். இதைச் சொன்னால் “நம்பிக்கையைக் கெடுக்கறீங்க” என்று கோபித்துக்கொள்கிறார்கள். கோச்சிங் சென்டரில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், ஏனென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ் 100, பொது அறிவு 75, திறனறி கணக்கு 25 என்று பிரித்து, ஆன்சர் கீ வைத்து மூன்று முறையும் எவ்வளவு வந்தது என்று அந்தத் தம்பியை எழுதச் சொன்னேன். மூன்றாவது முறைக்கு மட்டும் எழுத முடிந்தது. மற்ற இரண்டையும் அவர் பிரித்துப் பார்த்ததே இல்லை. கையில் கொண்டுவந்திருந்த பொது அறிவு நோட்டு மூன்று நிற மையில் கோடு போட்டு அழகாக இருந்தது, மூன்று வருடமாக அதே நோட்டு. கணக்கு 25-ல் 24. ஆனால் அது அவருக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. “அது சும்மா வரும் மேடம்” என்றார். நூலகத்தில் கூடப் படிக்கிறவர்கள் கணக்கு புரியாவிட்டால் இவரிடம்தான் வருவார்களாம். கூட்டுவட்டியை ஜூனியருக்குச் சொல்லிக்கொடுப்பதை, படிக்க வேண்டிய நேரம் வீணாகிறது என்று அப்பா திட்டியிருக்கிறார். தோல்வி என்று எல்லோரும் சொல்கிற அந்த வருடங்களில், இந்த ஆளுக்கு எது கைவரும் என்று தெளிவாகத் தெரிந்தது இந்த ஒரு இடத்தில்தான்.

கணக்கு இப்படி வருகிறவர் ஏன் வங்கித் தேர்வு எழுதவில்லை? “குரூப் 4 முடிச்சிட்டு பாக்கலாம்னு இருந்தேன்.” இங்கேதான் எனக்கு எரிச்சல் வரும். சிவில் சர்வீஸ் தேர்வில் பொதுப் பிரிவினருக்கு 6 முறை, ஓபிசிக்கு 9 முறை என்று யுபிஎஸ்சி கணக்கு வைத்திருக்கிறது. கசப்பாக இருந்தாலும் ஒரு கட்டத்தில் வெளியே வந்துதான் ஆக வேண்டும். குரூப் 4-க்கு அப்படி எண்ணிக்கை இல்லை. இந்தக் கதவு திறந்தே இருப்பதால் மற்ற கதவுகள் சாத்துவது காதில் விழுவதில்லை. வங்கிகளுக்கு ஆள் எடுக்கிற ஐபிபிஎஸ் கிளார்க் தேர்வுக்கு வயது 28 வரை, ஓபிசிக்கு 31. அப்ரென்டிஸ் பயிற்சி என்றால் படித்து முடித்துச் சில ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும். தனியார் கம்பெனியில் முதல் கேள்வியே ‘பாஸ்ட் அவுட்’ வருடம். (ஓபிசி சான்றிதழ் வாங்குவதற்கே நாளாகும், அதையும் கடைசி வாரத்தில் தேடாதீர்கள்.)

நோட்டிஃபிகேஷன் வரும் முன்பே, எத்தனை முறை எழுதுவேன் என்று தேதியோடு எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். ரிசல்ட் வந்த இரவில் முடிவெடுக்காதீர்கள், அன்று எடுக்கிற எந்த முடிவும் உருப்படாது. முதல் இரண்டு முயற்சிக்குப் பிறகு பகுதிநேரமாவது ஒரு வேலையில் இருங்கள். வேலைக்குப் போனால் படிக்க முடியாது என்பார்கள். நாள் முழுக்க நூலகத்தில் இருப்பவர்களில் எத்தனை பேர் டீக்கடையில் கட்-ஆஃப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். கோச்சிங்குக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு உண்டு, அங்கே தனியார் வேலைவாய்ப்பு முகாம் பற்றியும் கேளுங்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் “என்ன தம்பி, இன்னும் படிச்சிட்டுதான் இருக்கியா?” என்று யாராவது கேட்டால், பதிலை நீங்கள் சொல்லுங்கள். பிள்ளையைச் சொல்ல விடாதீர்கள். ரிசல்ட்டுக்குப் பிறகு சாப்பாடு, தூக்கம், பேச்சு குறைந்தால் அது சோம்பல் இல்லை. மனநல ஆலோசனைக்கான அரசு உதவி எண்கள் 14416 அல்லது 104-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசுவார்கள்.

அந்தத் தம்பி இப்போது ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறார். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சாயங்காலம் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறார், குரூப் 4-ஐயும் முழுதாக விடவில்லை. இன்னும் ஒரே முறைதான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், பார்க்கலாம்.

வேலை தேட இறங்குகிறவர்களுக்கு ஒன்று. பயோடேட்டாவில் அந்த வருடங்களைக் காலியாக விடாதீர்கள், செய்யாத வேலையை எழுதியும் நிரப்பாதீர்கள். ‘போட்டித் தேர்வுக்குத் தயாரிப்பு’ என்று வருடத்தோடு எழுதுங்கள். கூடவே டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருந்தால் அது, சொல்லிக்கொடுத்திருந்தால் அது. நேர்காணலில் கேட்டால் இரண்டு வரியில் சொல்லி நிறுத்துங்கள். ரெண்டு கேள்விக் கதையை அங்கே ஆரம்பிக்க வேண்டாம்.