மார்டின்ஸ்வில் வளைவின் இயற்பியல்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1947-இல் திறக்கப்பட்ட மார்டின்ஸ்வில் ஸ்பீட்வே என்ற கார் பந்தயத் தளத்தில் ஒரு சுற்று ஏறத்தாழ 847 மீட்டர்தான். நாஸ்கார் என்ற அமெரிக்கப் பந்தய அமைப்பின் ஸ்டாக் கார்கள் (சாலைக் கார்களின் தோற்றம் கொண்ட பந்தயக் கார்கள்) அதைச் சுமார் 20 வினாடிகளில் கடந்துவிடுகின்றன. தலா 244 மீட்டர் நீளமுள்ள இரண்டு தார் நேர்பாதைகளை இரண்டு கான்கிரீட் அரைவட்டங்கள் இணைக்கின்றன. புளோரிடாவின் டேடோனா தளத்தில், வெளிவிளிம்பு உயர்ந்த வளைவுகளின் 31 டிகிரி சரிவு காரைத் தாங்கித் திருப்பிவிடும். இங்கோ வளைவுகளின் சரிவு வெறும் 12 டிகிரி. எனவே இங்கு பந்தயம் எஞ்சினைவிட டயரின் பிடிமானத்தால்தான் தீர்மானமாகிறது என்பது என் கருத்து.

தளத்தின் அளவுகளிலிருந்து கணக்கிட்டால் வளைவின் ஆரம் ஏறத்தாழ 57 மீட்டர் வருகிறது. அதில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் திரும்பும் காரை உள்நோக்கி இழுக்க, அதன் எடையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு விசை தேவை. சரிவு அதில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கே உதவும். மீதியை நான்கு டயர்கள் தரையை உரசித் தர வேண்டும். ஆனால், ஒரு டயர் தரக்கூடிய மொத்தப் பிடிமானத்துக்கு எல்லை உண்டு. பிரேக் பிடிப்பது, திரும்புவது, முடுக்குவது ஆகிய மூன்று வேலைகளும் அந்த ஒரே இருப்பிலிருந்துதான் செலவாகின்றன. வளைவுக்குள் நுழைந்த பிறகும் பிரேக்கை அழுத்திக்கொண்டிருப்பவருக்குத் திரும்புவதற்கான பிடிமானம் குறைந்துவிடுகிறது. வெளியேறும்போது அவசரப்பட்டு முடுக்குபவருக்குப் பின்சக்கரங்கள் வழுக்குகின்றன. முன்பக்கம் திரும்ப மறுத்தால் காரை 'டைட்' என்றும், பின்பக்கம் வெளியே விலகினால் 'லூஸ்' என்றும் ஓட்டுநர்கள் தங்கள் குழுவிடம் தொடர்பு வானொலியில் சொல்வார்கள். அதைக் கேட்ட பணிக்குழு, கார் பிட்டில் (டயர் மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் நிற்கும் இடத்தில்) நிற்கும்போது நீண்ட கம்பிச் சாவியைப் பின்கண்ணாடித் துளைவழியே நுழைத்து, ஸ்பிரிங்கின் அழுத்தத்தை மாற்றி, டயர்களின்மேல் விழும் எடையைக் குறுக்காகப் பங்கிட்டுவிடும்.

பிரேக்குகளின் பாடு தனி. ஏறத்தாழ 1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 190 கி.மீ. வேகத்திலிருந்து 100-க்கு இறங்கும்போது சுமார் 15 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். இது ஏறத்தாழ பத்து வினாடிக்கு ஒருமுறை, 500 சுற்றுப் பந்தயத்தில் ஆயிரம் முறை நிகழ்கிறது. மாலைப் பந்தயங்களில் சக்கரங்களுக்குள் பிரேக் வட்டுகள் செந்நிறமாக ஒளிர்வதைப் பார்வையாளர் மேடையிலிருந்தே காணலாம்.

வெளிப்புறமாக முந்துவது ஏன் கடினம் என்பதற்கு எளிய வடிவியலே விடை சொல்லும். ஆரம் இரண்டு மீட்டர் கூடினால் ஒரு சுற்றில் பாதை 12.5 மீட்டர் கூடுகிறது. இது இரண்டரை கார் நீளம். அதனால் பின்னால் வருபவர், வளைவின் வாயிலில் முன்காரின் பம்பரை லேசாக இடிக்கிறார். பின்டயர்களின்மேல் உள்ள பளு ஒரு கணம் குறைய, முன்கார் சரிவின் மேல்புறமாக விலகி உட்பாதையை விட்டுக்கொடுக்கிறது.

2022 அக்டோபர் 30 அன்று நாஸ்கார் ஓட்டுநர் ராஸ் சாஸ்டெயின் டயர் பிடிமானத்தின் இந்த எல்லையையே சுற்றிக் கடந்தார். இறுதிச் சுற்றில் பத்தாவதாக இருந்த அவர், பின்நேர்பாதையில் ஐந்தாம் கியருக்கு மாறி, முடுக்கியை முழுவதும் அழுத்தியபடியே காரின் வலப்பக்கத்தை வெளிச்சுவரில் சாய்த்துவிட்டார். வேகம் இருமடங்கானால் திருப்பும் விசை நான்கு மடங்கு தேவை. அதை எந்த டயராலும் தர இயலாது. ஆனால், இம்முறை டயர்களுக்குப் பதிலாகச் சுவர் காரை உள்நோக்கித் தள்ளியது. உரசலில் ஆற்றல் இழந்தாலும், வெளிப்பாதை நீளமாக இருந்தாலும், பிரேக்கையே தொடாத கார் அச்சுற்றை 18.845 வினாடிகளில் முடித்தது. அத்தளத்தின் தகுதிச்சுற்றுச் சாதனையைவிடவும் அது குறைந்த நேரம். மொத்தம் ஐந்து கார்களை முந்திய அவர், அவற்றுள் கடைசியாகப் போட்டியாளர் டென்னி ஹாம்லினின் காரை இறுதிக்கோட்டருகே கடந்து, பட்டத்துக்கான இறுதி நால்வரில் இடம்பிடித்தார். இனி அவ்வாறு ஓட்டினால் பாதுகாப்பு விதியின்கீழ் நேரத் தண்டனை விதிக்கப்படும் என்று 2023 பருவம் தொடங்கும் முன்பே நாஸ்கார் அறிவித்துவிட்டது.